திரைக்குள்ளிருந்து வந்த குரல்

குஜந்த்,
12 அக்டோபர் 2001

அன்புள்ள சைத்முராத் அண்ணாவுக்கு, தங்கை ஷராஃபத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நலம். என் ரொட்டி அடுப்பும் நலம். பக்கத்து வீட்டுச் சேவல் மட்டும் நலமில்லை, போன வெள்ளிக்கிழமை அதைச் சூப் வைத்துவிட்டார்கள். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அண்ணிக்கு இருமல் நின்றதா? உங்கள் தாடி இன்னும் வளர்ந்துவிட்டதா? போன தடவை வந்தபோதே உங்களுக்கு முன்னால் அதுதான் வாசலுக்குள் நுழைந்தது.

ஏழாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவளின் எழுத்து இது. ஊருக்கே இமாமாக இருக்கிற நீங்கள் பிழை பார்க்காமல் படியுங்கள். பிழை பார்த்தே தீருவேன் என்றால், பார்த்துச் சிரித்துவிட்டுப் படியுங்கள்.

புதன்கிழமைகளில் ரொட்டி விற்று முடித்ததும் மின்கம்பியில் ஓடுகிற டிராலிபஸ் ஏறி ஹோசியத் ஆத்தூன் வீட்டுக்குப் போகிறேன். பெண்களுக்கு ஓதக் கற்றுக்கொடுக்கிற ஆத்தூன்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். எங்கள் ஆத்தூன் வேறு மாதிரி. ஓதி முடித்ததும், "சரி, இதுல உனக்கு என்ன புரிஞ்சுது?" என்று கேட்பாள். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன புருஷன் போனிலேயே தலாக் சொல்லிவிட்டான் என்று ஒருத்தி. அப்பா நிலத்தில் தன் பங்கை அண்ணன்மார் தரவில்லை என்று ஒருத்தி. பயப்படாதீர்கள், நம் அப்பாவின் வாதுமை மரங்கள் எனக்கு வேண்டாம். ஒரு மரத்தைத் தவிர.

இப்போது எல்லோருமாக ஒரு காகிதம் தயார் செய்திருக்கிறோம். நாற்பது இமாம்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். காகிதத்தில் ஒரே வரிதான். "மணப்பெண்ணின் சொந்தக் குரலை என் காதால் கேட்காமல் நிக்காஹ் ஓத மாட்டேன்."

நம் வழக்கத்தை ஆத்தூன் எப்படிக் கிண்டலடிக்கிறாள் தெரியுமா? "திரைக்கு வெளிய பொண்ணு சார்பாப் பேசுற வக்கீலும் ரெண்டு சாட்சியும் நின்னு, சம்மதமான்னு கேக்குறாங்க. திரைக்கு உள்ளாற பொண்ணோட இருபது பொம்பளைங்க. உடனே பதில் சொன்னா பொண்ணுக்கு வெக்கமில்லம்பீங்க. அதனால அவ பேச மாட்டா. 'பரிசாத் துணி குடு, அப்பத்தான் வாயத் திறப்பா'ன்னு நீங்க சிரிப்பீங்க. கடைசியில யாரோ 'சம்மதம்'பாங்க. அது யார் குரல்னு சாட்சிக்காரனுக்கு எப்படிடி தெரியும்?" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு ஒவ்வொருத்தியாகச் சிரிப்பை நிறுத்திவிட்டோம்.

இதுவரை ஐந்து இமாம்களைப் பார்த்தோம். ஒருவர் கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்றார். கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது. முதல் கையெழுத்து என் அண்ணன் போடுவார் என்று ஆத்தூனிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். காகிதத்தின் பிரதியை லாரியில் அனுப்பும் ரொட்டிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் மெஹ்ரங்கீஸ் எப்போது வருகிறாள்? நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்தும் ஏன் இன்னும் அனுப்பவில்லை? அவளுக்காகச் சின்ன அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன்.

துஆவில் என்னை மறவாத அண்ணனுக்கு,
ஷராஃபத்

*

ரோஸ்தரா கிராமம்,
30 அக்டோபர் 2001

அன்புத் தங்கை ஷராஃபத்துக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

இறைவன் அருளால் அனைவரும் நலம். முட்டிவலி தொழுகையில் மட்டும் வருகிறது, சாப்பாட்டில் வருவதில்லை என்று உன் அண்ணி கேலி செய்கிறாள். ரொட்டிகளும் காகிதமும் வந்து சேர்ந்தன. ரொட்டியில் இரண்டைத் தானே தின்றுவிட்டதாக லாரிக்காரர் ஒப்புக்கொண்டார்.

காகிதத்தைப் படித்தேன். உங்கள் எண்ணத்தில் குறை காணவில்லை. ஆனால் கன்னிப்பெண்ணின் மௌனமே சம்மதம் என்று நாங்கள் படித்திருக்கிறோம். வெட்கம் அவளுக்கு அழகு. பெண்ணை எல்லோர் முன்னும் பேச வைத்தால் இங்கே பெரியவர்கள் ஏற்கமாட்டார்கள். நான் ஐம்பது வீட்டுக் கிராமத்தின் இமாம். என் கையெழுத்தால் யாருக்கு என்ன பயன்?

ஒரு நல்ல செய்தி. மெஹ்ரங்கீஸை நம் பள்ளிவாசல் கமிட்டித் தலைவர் குர்பான் ஹாஜியின் மகன் இஸ்கந்தருக்குக் கேட்டார்கள், கொடுத்துவிட்டோம். பள்ளிவாசலுக்குக் கூரை போட்டுத் தந்தவர் அவர். பையனும் ஒழுக்கமானவன். ஏப்ரல் கடைசியில் நிக்காஹ். பனி மூடும் மலைக் கணவாய் அதற்குள் திறக்காது. நீ வர முடியாதது ஒன்றுதான் குறை. படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அடுப்புப் புகையில் அதிக நேரம் நிற்காதே.

உன் நலம் நாடும் அண்ணன்,
சைத்முராத்

(அத்தை, கடிதத்தை ஒட்டும் வேலையை அப்பா என்னிடம் கொடுத்தார். நர்சிங் பள்ளியில் என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டார்களா? விசாரித்துச் சொல்லுங்கள். - மெ.)

*

குஜந்த்,
14 நவம்பர் 2001

அண்ணாவுக்கு ஸலாம். கல்யாணச் செய்தி கேட்டதும் ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. அதனால் ஒரு மிட்டாயை இன்னும் நான் தின்னவில்லை.

சந்தேகம் இதுதான். மெஹ்ரங்கீஸிடம் கேட்டீர்களா?

மௌனம்தான் சம்மதம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தை ஆத்தூனிடம் காட்டினேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். இன்னொரு கோப்பை டீ ஊற்றிக்கொண்டாள். "வாயத் திறக்க வெக்கப்படுற பொண்ணு மேல இரக்கப்பட்டுக் குடுத்த சலுகைடி அது. அதை எடுத்து அவ வாய்க்கே பூட்டாப் போட்டா எப்படி?" என்றாள்.

அப்புறம் ஒரு சம்பவம் சொன்னாள். நபிகளிடம் ஒரு பெண் வந்தாளாம். அப்பா என்னைக் கேட்காமலே தன் அண்ணன் மகனுக்குக் கட்டிவைத்துவிட்டார் என்றாளாம். நபிகள் அந்த அப்பாவைக் கூப்பிட்டனுப்பி, முடிவை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்களாம். அவள் சொன்னாளாம், அப்பா செய்ததை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் இதில் அப்பாக்களுக்கு அதிகாரம் இல்லை என்று பெண்கள் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்று. இது உங்களுக்குத் தெரியாததா? தெரிந்திருந்தும் இத்தனை வெள்ளிக்கிழமையில் ஒன்றில்கூட ஏன் சொல்லவில்லை? நேரம் போதவில்லையா? நீங்கள் பிரசங்கம் செய்தால் ஆடுகூட அசைபோட்டு முடித்துவிடுகிறது, நேரத்துக்கா குறை.

நர்சிங் பள்ளியில் விசாரித்தேன். செப்டம்பர் வரை அவள் இடம் இருக்குமாம். இதை அவளிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லமாட்டீர்கள். ஆனால் கடிதம் ஒட்டுகிறவளுக்குக் கடிதம் பிரிக்கவும் தெரியும்.

என் நிக்காஹில் நீங்கள்தானே அண்ணா ஒரு சாட்சி? முப்பது வருஷம் ஆகப்போகிறது. சோவியத் காலம், ஓதினாலே குற்றம். ஜன்னல்களை எல்லாம் மூடிக்கொண்டு, யாராவது கட்சி ஆபீசில் போய்ச் சொல்லிவிடப் போகிறார்களே என்று பயந்துகொண்டு. அன்றைக்கு நீங்கள்

மாவு பொங்குகிறது. பிறகு எழுதுகிறேன். அண்ணிக்கு இருமலுக்குச் சீமைமாதுளை வேகவைத்துக் கொடுங்கள்.

ஷராஃபத்

*

ரோஸ்தரா,
2 டிசம்பர் 2001

தங்கைக்கு ஸலாமும் துஆவும். நாங்கள் நலம். உன் நலம் அறிய ஆவல்.

பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. கணவாய் மூடுவதற்குள் போகிற கடைசி லாரி இது. சீக்கிரம் எழுதச் சொல்லி ஓட்டுநர் வாசலில் ஹாரன் அடிக்கிறார்.

மெஹ்ரங்கீஸ் நல்ல பெண். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்று கேட்கிறேன். என் சாட்சியைப் பற்றி எழுத ஆரம்பித்து மாவு பொங்குகிறது என்று நிறுத்திவிட்டாய். நவம்பர் குளிரில் மாவு அவ்வளவு சீக்கிரம் பொங்காது. நீ சந்தோஷமாகத்தானே வாழ்ந்தாய்? உன் கணவர் நூர்அலி நல்ல மனிதர்தானே?

சைத்முராத்

*

குஜந்த்,
10 ஜனவரி 2002

அண்ணாவுக்கும் அண்ணிக்கும் மெஹ்ரங்கீஸுக்கும் ஸலாம். பஞ்சகந்துக்குப் போகிற சின்ன விமானத்தில் ஒரு தெரிந்த அம்மா போகிறாள். அங்கிருந்து யார் கையிலாவது இது உங்களிடம் வந்துவிடும். நான் நலம். உங்கள் பக்கம் எவ்வளவு பனி? முட்டிக்கு ஆட்டுக்கம்பளி சுற்றிக்கொள்கிறீர்களா?

நூர்அலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் நல்லவர்தான். என்னை ஒருநாளும் அடித்ததில்லை. குறட்டை மட்டும் விடுவார். அவர் போய் ஆறு வருஷமாகியும் சில நாள் சத்தம் இல்லாததால் எனக்கு முழிப்பு வந்துவிடுகிறது.

இங்கே ஒரு வேடிக்கை. போன புதன்கிழமை நாங்கள் ஓதிக்கொண்டிருந்தபோது யாரோ ஆத்தூன் வீட்டு ஜன்னலில் கல் எறிந்தார்கள். கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்த கல் நேராகச் செர்ரி ஜாம் கிண்ணத்தில் விழுந்தது. எல்லோர் வெள்ளை முக்காட்டிலும் சிவப்பு. போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, இது ஜாம், நக்கிப் பாருங்க" என்றேன். ஆத்தூன் உடைந்த ஜன்னலுக்கு ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, "சரி, எந்த வசனத்துல விட்டோம்?" என்று கேட்டாள். அப்போது அவள் தப்பான பக்கத்தைத் திறந்திருந்தாள். நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இன்னொரு வேடிக்கை. ஏழு இமாம்கள் சம்மதித்துவிட்டார்கள். ஏழு பேரும் இரண்டாவது கையெழுத்துப் போடத் தயார். முதல் கையெழுத்துக்குத்தான் ஆள் இல்லை.

ஷராஃபத்

*

குஜந்த்,
25 பிப்ரவரி 2002

அண்ணாவுக்கு ஸலாம். நலம். நீங்கள் நலம்தானா? உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பனி, வழியில்லை, தெரியும். ஆனால் பஞ்சகந்த் அம்மாள் உங்கள் கையிலேயே கடிதம் கொடுத்ததாகச் சொல்கிறாள். பதில் இருக்கிறதா என்று கேட்டாளாம். நீங்கள் தாடியைத் தடவினீர்களாம்.

தாடி எழுதாது அண்ணா. கைதான் எழுத வேண்டும்.

ஷராஃபத்

*

குஜந்த்,
18 மார்ச் 2002

அண்ணாவுக்கு ஸலாம். நவ்ரோஸ் புத்தாண்டு வாழ்த்து. இங்கே முளைகட்டிய கோதுமையைக் கிண்டிக் கிண்டித் தோள்பட்டை போய்விட்டது. உங்கள் பங்கை நானே சாப்பிட்டுவிட்டேன்.

மெஹ்ரங்கீஸின் கல்யாணத்துக்கு அத்தையின் பரிசு ஒன்று அனுப்புகிறேன். என் கல்யாண முக்காடு. முப்பது வருஷமாகப் பெட்டிக்குள் இருந்தது. வெள்ளை கொஞ்சம் பழுத்திருக்கிறது. ஒரு ஓரம் கிழிந்திருக்கும், எலி கடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தைக்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.

எல்லோரையும் இறைவன் காக்கட்டும்.

ஷராஃபத்

*

ரோஸ்தரா,
4 மே 2002

என் அன்புத் தங்கை ஷராஃபத்துக்கு, உன் மீது சாந்தி உண்டாகட்டும்.

உன் கடிதங்கள் மூன்றும் வந்தன. மூன்றுக்கும் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் ஸலாம் சொன்னதோடு பேனா நின்றுவிட்டது. முக்காடு வந்த அன்று அதைக் கையில் எடுத்தேன், ஓரத்தைப் பார்த்தேன், மடித்து உன் அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். அன்றும் நான் எழுதவில்லை.

ஏப்ரல் இருபத்தைந்தில் நிக்காஹ். முற்றத்தில் இரண்டு அண்டா பிலாவ். குர்பான் ஹாஜியின் ஆட்கள் நாற்பது பேர். இந்த ஊரில் வேறு இமாம் இல்லை, நானே ஓதுவதாக ஏற்பாடு. மெஹ்ரங்கீஸ் உன் முக்காட்டோடு திரைக்குள் உட்கார்ந்திருந்தாள். வக்கீலும் இரண்டு சாட்சிகளும் போனார்கள். ஒரு சாட்சி நம் பள்ளிக்கூட வாத்தியார் நஸ்ருல்லோ. முதல் தடவை கேட்டார்கள், சத்தமில்லை. இரண்டாம் தடவை கேட்டார்கள், பெண்கள் துணி கேட்டுச் சிரித்தார்கள். மூன்றாம் தடவை உள்ளேயிருந்து மெல்லிய குரலில் "சம்மதம்" என்று வந்தது. முற்றத்தில் எல்லோரும் கையேந்திவிட்டார்கள்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும் ஷராஃபத். முன்பே கேட்ட குரல்.

சாட்சிகள் வந்து, "கேட்டோம் ஹஜ்ரத்" என்றார்கள்.

"யார் குரலைக் கேட்டீங்க?" என்றேன்.

நஸ்ருல்லோ விழித்தார். "பொம்பளைக் குரல்தான் ஹஜ்ரத்."

"எந்தப் பொம்பளை?"

குர்பான் ஹாஜி சிரித்தார். "என்ன ஹஜ்ரத், பெத்த பொண்ணு குரல் உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் ஹாஜி. அதனாலதான் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். முட்டி வலிக்கவில்லை. நேராகப் போய்த் திரையை விலக்கினேன். பெண்கள் கத்தினார்கள். நம் ஓய்மோ அத்தை முன்னால் வந்து நின்றுகொண்டாள். எழுபத்தைந்து வயதாகியும் அத்தைக்குக் குரல் மட்டும் பதினெட்டு.

"ஏண்டா, பொண்ணு வெக்கப்படுறா. அவ சொன்னா என்ன, நான் சொன்னா என்ன?"

"அன்னிக்கும் நீங்கதானே அத்தை?"

"என்னிக்கு?"

"ஷராஃபத்துக்கு."

அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஆமா. அவ வாயத் திறக்கவே இல்ல. பிலாவ் ஆறிக்கிட்டு இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் பொல்லாதவள் இல்லை. பிலாவ் ஆறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மெஹ்ரங்கீஸ் முக்காட்டின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். நீ கிழித்த இடத்துக்குப் பக்கத்தில். நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "பிள்ள, உனக்குச் சம்மதமா? நீ என்ன சொன்னாலும் நான் உங்கப்பன்தான்" என்றேன். துணியை வாயிலிருந்து எடுத்தாள். "எனக்கு வேண்டாம்ப்பா. நான் படிக்கப் போறேன்" என்றாள். அப்புறம் அழுதாள். ஆறு மாதம் முன்பே நான் கேட்டிருந்தால் அவள் இத்தனை பேர் முன்னால் அழுதிருக்க வேண்டியதில்லை.

வெளியே வந்து, "என் பொண்ணு வேண்டாம்னு சொல்லிட்டா, நான் என் காதால கேட்டேன். இன்னிக்கு நிக்காஹ் இல்ல. தப்பு என் மேல, அவகிட்ட நான் கேக்கவே இல்ல" என்று சொன்னேன். பெரிய சத்தமாகிவிட்டது. நல்லவேளை, சாப்பிட்டுவிட்டுத்தான் கோபப்பட்டார்கள். மாப்பிள்ளைப் பையன் மட்டும் போகும்போது என்னிடம் வந்து, "ஹஜ்ரத், என்கிட்டயும் யாரும் கேக்கல" என்றான்.

மூன்றாம் நாள் கமிட்டி பள்ளிவாசல் சாவியை வாங்கிக்கொண்டது. இப்போது வீட்டு வாசலில் தொழுகிறேன். நஸ்ருல்லோ வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறார். நேற்று என் பின்னால் நான்கு பேர் நின்றார்கள்.

இனி நான் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். அன்று எனக்குப் பதினெட்டு வயது. திரையின் ஓரமாக நின்றிருந்தேன். இடுக்கில் உன்னைப் பார்த்தேன். உன் வாய்க்குள் முக்காடு இருந்தது. பேசியது நீ இல்லை என்று எனக்குத் தெரியும். வெளியே வந்தேன், அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டேன்" என்று சொன்னேன். அதற்குப் பிறகு மார்க்கம் படித்தேன், இமாமானேன், எத்தனையோ பேருக்குச் சாட்சியின் கடமை பற்றிப் பிரசங்கம் செய்தேன். நீ எப்போது பார்த்தாலும் சிரித்துக்கொண்டே இருந்தாய். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று என்னை நானே நம்ப வைத்தேன். உன் கேலிப் பேச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது நீ இல்லை ஷராஃபத், நான்தான்.

காலம் கடந்துதான் கேட்கிறேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. திரைக்கு வெளியே நிற்கிறேன். ஷராஃபத், உன்னை நூர்அலிக்குக் கொடுக்க உனக்குச் சம்மதமா? உன் குரலில் சொல். எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன்.

கணவாய் திறந்ததும் முதல் வண்டியில் மெஹ்ரங்கீஸை அனுப்புகிறேன். காகிதத்தையும் அவளிடம் கொடுத்திருக்கிறேன். இப்போது எனக்குப் பள்ளிவாசல் இல்லை, இமாம் என்று கையெழுத்துப் போடலாமா என்று ஆத்தூனிடம் கேள். போட்டுவிட்டேன்.

உன் மன்னிப்பை வேண்டும் அண்ணன்,
சைத்முராத்

*

குஜந்த்,
27 மே 2002

என் அண்ணாவுக்கு ஸலாம். ஆயிரம் ஸலாம்.

மெஹ்ரங்கீஸ் வந்து சேர்ந்தாள். நலம். கணவாயில் மூன்று தடவை வாந்தி எடுத்தாளாம், இங்கே வந்ததும் நான்கு ரொட்டி தின்றாள். கணக்குச் சரியாகிவிட்டது. காலையில் அடுப்பில் எனக்கு உதவுகிறேன் என்று முதல் நாளே புருவத்தைப் பொசுக்கிக்கொண்டாள். செப்டம்பருக்குள் முளைத்துவிடும்.

உங்கள் கையெழுத்தை ஆத்தூனிடம் காட்டினேன். வாசலில் தொழுகிறவர் இமாம் ஆவாரா என்று கேட்டேன். "நாலு பேர் பின்னால நிக்கிறாங்கல்ல? அப்ப அவர் இமாம்தாண்டி" என்றாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். இரண்டாவது கையெழுத்துக்குக் காத்திருந்த ஏழு பேரையும் தேடிப் போனோம். ஒருவருக்குத் திடீரென்று காய்ச்சல். ஆறு பேர் போட்டார்கள். உங்களோடு ஏழு. இன்னும் முப்பத்து மூன்று இருக்கிறது, முட்டி சரியானதும் நீங்களும் வந்து கதவு தட்டலாம்.

இப்போது உங்கள் கேள்வி.

மூன்று நாள் பதில் எழுதாமல் இருந்தேன். உடனே சொன்னால் வெட்கமில்லாதவள் என்பீர்களே. மூன்று நாளும் ரொட்டி கருகியது. நான்காம் நாள் புதன்கிழமை, டிராலிபஸ் ஏறி ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். எப்போதும் அங்கேதான் உட்காருவேன், ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை. பதினாறு வயதில் நான் டிராலிபஸ் ஓட்ட ஆசைப்பட்டேன் அண்ணா. பத்திரிகையில் ஒரு பெண் ஓட்டுகிற படம் பார்த்திருந்தேன். என்னைக் கட்டிக்கொடுத்ததும் டிராலிபஸ் ஓடுகிற இதே ஊருக்குத்தான். என் ரொட்டிக் கடை வாசலிலேயே நிற்கிறது, முப்பது வருஷமாக ஏறி இறங்குகிறேன்.

அன்றைக்கு ஓட்டுநர் ஒரு பெண். பாலத்தின் மேல் போகும்போது நான் சத்தமாக, "இல்ல" என்றேன்.

அவள் திரும்பாமலே கேட்டாள், "என்னம்மா இல்ல? டிக்கெட்டா?"

"டிக்கெட் இருக்கு. வேற ஒண்ணு இல்லன்னேன்."

"சரி, கம்பியப் பிடிச்சுக்குங்க, திருப்பம் வருது" என்றாள்.

ஆமாம் அண்ணா. சம்மதமில்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். டிராலிபஸ் ஓட்டப் போயிருப்பேன், பத்துப் பேரை இடித்திருப்பேன். நூர்அலி நல்லவர். அவரோடு வாழ்ந்ததை ஏற்றுக்கொள்கிறேன், அவருக்காக ஒவ்வொரு வெள்ளியும் ஓதுகிறேன். அந்தக் குறட்டையைக்கூட ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து முப்பது வருஷம் சுட்டுக்கொண்டிருந்தேன். இப்போது தனியாக எடுத்து வைத்துவிட்டேன், லேசாக இருக்கிறது.

மன்னிப்பெல்லாம் கேட்காதீர்கள், உங்கள் தாடிக்கு அது பொருந்தவில்லை. வாதுமை மரம் ஒன்று கேட்டிருந்தேனே, அதன் காயை மட்டும் வருஷா வருஷம் அனுப்புங்கள்.

திரைக்கு வெளியே ரொம்ப நேரமாக நிற்கிறீர்கள், முட்டி வலிக்கும். வெளியே போய் அவர்களிடம் சொல்லுங்கள், "கேட்டேன்" என்று.

இந்தத் தடவை அது உண்மை.

உங்கள் தங்கை,
ஷராஃபத்